முன்மொழிந்தவர் யார்?

மார்ச் 4
துறைக் கூட்டம். வழக்கம்போல் நான்தான் குறிப்பெழுதினேன். எழுத்தராக ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் மறுபடி வந்து, பதினொரு வருடம். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

மார்ச் 6
ஆய்வகப் பொறுப்பிலிருக்கும் விரிவுரையாளர் அம்மாவின் பதவி உயர்வுக்கு முட்டுக்கட்டை. 'துறை வளர்ச்சிக்குப் பங்களிப்பு இல்லை' என்று துறைத் தலைவர் எழுதிவிட்டார். ஆதாரம், நான் எழுதும் கூட்டப் பதிவேடு! அதில் அந்த அம்மாவின் பெயரே இல்லையாம். எப்படி இல்லாமல் போகும்?

மார்ச் 7
பென்சில் குறிப்பேடுகளை எடுத்தேன். யார் எதைச் சொன்னாலும் சொன்ன வரிசையில் கிறுக்கிவைப்பது என் பழக்கம். பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தேன். ரசாயனக் கழிவைப் பிரித்துச் சேர்ப்பது, முதலாண்டு மாணவர்களுக்கு மாலை ஆய்வகம்... பதினேழு யோசனைகள். முதலில் சொன்னவர் அந்த அம்மா. பத்து நிமிடம் கழித்து அதையே உரக்கச் சொன்னவர் தலைவர். 'முன்மொழிந்தவர்: தலைவர்' என்று மையில் எழுதியவன் நான். மூத்தவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? யாருமில்லை. நானாகவே.

மார்ச் 8
மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். "வீட்லயும் அதே கதைதானே? நான் சொன்னா காத்தோட போயிடும். அதையே உங்க தம்பி சொன்னா, அடடா, என்ன மூளைம்பீங்க."
மறுக்க ஓர் உதாரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

மார்ச் 10
திருத்தப் பட்டியல் தயார். தேதிவாரியாக நாலு பக்கம். கொடுப்பதா? மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. ஐயோ, எனக்கெதுக்கு இந்த வம்பு!

மார்ச் 11
கொடுத்துவிட்டேன்! நேராகப் பதவி உயர்வுக் குழுவிடம். தலைவர் வராந்தாவில் மறித்தார். "என்ன ஐயா, எனக்கே ஆப்பு வைக்கிறீங்களா?"
"என் தப்பைத்தான் சார் திருத்தினேன்."
நானா பேசினேன்? இரண்டிரண்டு படியாக இறங்கினேன், இந்த வயதில்.

மார்ச் 20
பதவி உயர்வு வந்துவிட்டது! அந்த அம்மா என் அறைக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "பதினேழு இல்ல ஐயா, பத்தொன்பது" என்றார். இரண்டை விட்டிருக்கிறேன்!

ஏப்ரல் 2
இனி எல்லோரும் முறைவைத்துக் குறிப்பெழுத வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. இன்று தலைவரின் முறை. மே மாதம் என்ன ஆகுமோ, ஆகட்டும். எழுந்து நின்றேன். "சாயங்காலக் கூட்டத்தைக் காலையில வைக்கலாம். குழந்தைங்க இருக்கறவங்க பாதியில எழுந்து ஓட வேண்டாம்."
தலைவர் நிமிராமலே, பேனாவை அந்த அம்மா பக்கம் காட்டிக் கேட்டார்: "மெதுவா சொல்லுங்க ஐயா. முதல்ல சொன்னது யாரு, நீங்களா, அவங்களா?"
"அவங்க. போன வருஷமே."
எழுதிக்கொண்டார்.