கலங்கரை விளக்கத்துக்கு அம்மா தனியே போன நாள்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம்தானே. இங்கே நான் வலது கணுக்கால் நீங்கலாக நலம். உன் அம்மா நலம், ஒரு குறையும் இல்லாத முழு நலம், அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே நீ சிரிப்பாய், மீதியில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன வாரம் நீ கேட்டதற்கு நான் முடியாது என்று சொன்னதும் போனை வைத்துவிட்டாய். அழுதாயோ என்னவோ, எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் வேண்டும் என்று எந்தப் பெண்தான் நினைக்க மாட்டாள், அது எனக்குத் தெரியாதா. ஆனால் எனக்கோ தொழிற்சாலையில் புது ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் வேலை வருடக் கடைசி வரை இருக்கிறது, விட்டுவிட்டு வர வழியில்லை. வீட்டுக்குள் நடக்கும்போதே கதவு, நாற்காலி, துணி காயப்போடும் கம்பி எல்லாவற்றிடமும் அடி வாங்குகிறவளை இரண்டு இடத்தில் விமானம் மாறி மூன்று மாதத்துக்குத் தனியாக அனுப்பு என்றால் எப்படி அனுப்புவேன். தொழிற்சாலை வாசலில் விபத்தில்லாத நாட்கள் என்று என் பலகை நானூற்றுப் பன்னிரண்டு வரை போனது. நம் வீட்டில் அப்படி ஒரு பலகை மாட்டியிருந்தால் ஒற்றை இலக்கத்தைத் தாண்டியிருக்காது. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அதற்கு அவள், நாலு நாள் கடற்கரை ஊருக்குப் போவோம், ஒரு கீறல் இல்லாம நான் திரும்பினா நீங்க வாயைத் திறக்காம டிக்கெட்டுக்குச் சரின்னு சொல்லணும் என்றாள். நானும் ஒத்துக்கொண்டேன். ஜெயிப்பேன் என்று தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன் என்பதை இப்போது மறைத்து என்ன பயன்.

முதல் நாளே ஜெயித்தும்விட்டேன். விடுதி வாசலில் இரண்டே படி. அவள் முன்னால் போகிறாள், நான் வழக்கம்போல் பெட்டியோடு பின்னால் வருகிறேன், படி இருக்கு பாத்து என்று சொன்னேன், சொல்லி வாய் மூடவில்லை, முட்டி சிராய்த்துவிட்டது. வரவேற்பு மேசைப் பெண் பிளாஸ்திரி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறதே, நானே ஒட்டினேன். மறுநாள் காலை படகுத்துறையில் பலகை மேல் அழகாகத்தான் நடந்துகொண்டிருந்தாள், ஓரமாப் போகாதே என்றேன், ஒரு செருப்பு தண்ணீருக்குள் போனது, அவள் வலைக் குவியல் மேல் உட்கார்ந்தாள், முழங்கையில் ரத்தக்கட்டு. படகுக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, ஐயா நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்தோரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா அது. அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கிண்ணத்தில் சூப் எடுத்து வரும்போது சூடு என்று மட்டும்தான் சொன்னேன். அது பக்கத்து மேசையில் இருந்த பல் டாக்டர் மடியில் போய்ச் சேர்ந்தது. தங்கமான மனுஷன், விடுமுறைன்னா எல்லாம் இருக்கும்தானே என்று சொல்லிவிட்டு வேறு பேன்ட் மாற்றிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் காலையே பார்த்தபடி மாடிப்படி இறங்கினேன். அவள் சரியாக இறங்கிவிட்டாள். நான்தான் கடைசிப் படியைக் கவனிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் சொல்வதற்குள் உன் அம்மா சொல்லிவிட்டாள். பல் டாக்டர்தான் வந்து பார்த்தார். இது என் பிரிவு இல்ல, ஆனா எலும்பு முறியலைன்னு தோணுது, ரெண்டு நாள் காலை ஊனாதீங்க என்றார். அன்றைக்குக் கலங்கரை விளக்கம் பார்க்கப் போவதாக இருந்தோம். உன் அம்மா என் காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள், தண்ணீர் எடுத்து வைத்தாள், பிறகு நான் பாட்டுக்குப் போய்ட்டு வரேன் என்று கிளம்பிவிட்டாள். நூற்று எண்பத்தேழு படி, வாலு. சுழல் படி, அதுவும் இரும்பு.

மூன்று மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையும் ஓடவில்லை, கால் ஓடுகிற நிலையில் இல்லை. சரி, பொழுதாவது போகட்டும் என்று விபத்துப் படிவத்தை எடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, தொழிற்சாலைப் படிவத்திலேயே உன் அம்மாவுக்கும் எழுதி வைப்பேன், அதில் நீ காகிதக் கப்பல் செய்துதான் ஒருமுறை என்னிடம் திட்டு வாங்கினாய். மூன்று விபத்துக்கும் வரிசையாக நிரப்பினேன். ஆறாவது கட்டத்தில், சம்பவத்துக்குச் சற்று முன் அருகில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இருக்கும். அதைக் காலியாக விட்டு வந்தால் எந்த மேஸ்திரியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். மூன்றிலும் ஒரே பதிலை எழுதியிருந்தேன், பின்னாலிருந்து எச்சரித்துக்கொண்டிருந்தார் என்று. எழுதி முடித்துவிட்டு மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். அவள் தடுக்கி விழவே இல்லை, வாலு. ஒவ்வொரு தடவையும் என்ன என்று கேட்க என் பக்கம் திரும்பியிருக்கிறாள்.

அவள் திரும்பி வந்தாள். வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டு முழங்கை, உள்ளங்கை, நெற்றி எல்லாம் பார்த்தேன். களவு போன சாமானைத் தேடற மாதிரி தேடாதீங்க என்றாள். ஒரு கீறல்கூட இல்லை. மேலே காற்று பிரமாதம் என்று மட்டும் சொன்னாள். நான் விடவில்லை, மூன்று படிவத்தின் ஆறாவது கட்டத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியென்றால் வாலுவுக்கு இரண்டு வயதில் திரைச்சீலை மாட்டும்போது ஸ்டூலிலிருந்து விழுந்தாயே, நான் அப்போது தொழிற்சாலையில் அல்லவா இருந்தேன் என்று கேட்டேன். ஆமா, ஸ்டூல் மேல ஏறினியான்னு கேக்க நீங்க போன் பண்ணினீங்க, மணி அடிச்சதும் திரும்பினேன் என்றாள். இத்தனை வருடத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இதுல சொல்ல என்ன இருக்கு, நீங்க கூப்பிட்டா திரும்பாம எப்படிப் போறது என்று சொல்லிவிட்டு ஈரத் துணியைப் பிழிந்து என் காலில் சுற்றினாள்.

வீடு திரும்பி இரண்டு நாள் ஆகிறது, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவள் விழுவதால் நான் கூப்பிடுகிறேனா, நான் கூப்பிடுவதால் அவள் விழுகிறாளா. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன், சிலவற்றில் நான் ஊரிலேயே இல்லை, ஃப்ரிட்ஜ் கதவில் விரல் மாட்டியதற்கு நான் பொறுப்பில்லை. மற்றவற்றில் பெரும்பாலும் ஆறாவது கட்டத்தில் அதே பதில்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான் போலிருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு ஆள் பக்கத்தில் நின்றாலே விபத்து நடக்கிறது என்றால், அந்த ஆளை வேறு பிரிவுக்கு மாற்று என்று நானே எழுதியிருப்பேன். வீட்டில் நான் எந்தப் பிரிவுக்குப் போவது. உன்னிடம் சொல்வதற்கு என்ன, அவள் விழுந்துவிடுவாள் என்கிற பயம் இப்போது பாதியாகிவிட்டது. மூன்று மாதம் ஒரு கீறல் இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் என்ன செய்வது என்கிற பயம்தான் பெரிதாக இருக்கிறது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், கனமான எதையும் தூக்காதே, குளியலறையில் வழுக்காத கால்மிதி போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல். இதை எழுதும்போதே நான் சொல்வதால்தான் உனக்கு வழுக்குமோ என்று சந்தேகம் வருகிறது, அதனால் படித்துவிட்டு மறந்துவிடு. தாயும் சேயும் வேறு வேறாகி நல்லபடியாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவின் டிக்கெட்டை உறுதி செய்துவிடு. விமான நிலையத்தில் அவள் வெளியே வரும்போது கூட்டத்துக்குள்ளிருந்து அம்மா என்று கூப்பிடாதே. அவள் வருகிற வழியிலேயே நேர் எதிரில் போய் நில், அவளாகவே உன்னைப் பார்க்கட்டும். இங்கே வழியனுப்பும்போது அவள் உள்ளே போகிற வரைக்கும் நான் கூப்பிடாமல் இருந்துகொள்கிறேன்.

என்றும் அன்புள்ள,
அப்பா