தங்கூசியில் நடந்தவர்

நெடுந்தீவு
கோயில் பெருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை

என் அன்புக்குரியவருக்கு,

மாதாவின் முந்தானைக்குள் நீங்கள் சுகமாய் இருக்க வேண்டுமென்று செபமாலை உருட்டுகிற உங்கள் ஜசிந்தா எழுதுவது. நானும் மகள் கஜனியும் நலம். ஆடுகளும் நலம். கிணற்றுத் தண்ணீர் இந்த முறை கொஞ்சம் உவர்ப்பு; மற்றப்படி குறையில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் வேலைக் களையோடு இருப்பீர்கள். அறையில் மற்றப் பொடியன்கள் படுத்திருப்பார்கள். நான் விசயத்துக்கு வருவதற்குள் லைன் போய்விடும். மயில்வாகனம் அண்ணையின் மகள் துஷாந்தி ரொறன்ரோவுக்கு வருகிறா. அவவின் பெட்டியில் கொஞ்ச இடம் கேட்டு வாங்கினேன். பார்சலில் ஒடியல் மா, பினாட்டு, கருவாடு இருக்கின்றன. அடியில் கஜனியின் பழைய சட்டையில் சுற்றிய ஒரு சாமான் இருக்கிறது. கடிதத்தை முடிக்குமட்டும் அதைப் பிரிக்க வேண்டாம்.

வள்ளத்தையும் வலையையும் விற்கச் சொன்னீர்கள். "இனி அங்கை வந்து என்ன செய்யிறது? அகதிக் கேஸ் சரிவந்தால் நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ" என்றீர்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை வந்து வள்ளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெருநாள் முடிய முடிவு சொல்லச் சொல்லிப் போனார். அந்த முடிவைத்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன் பொம்மலாட்டக் கதையைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பிரியவதனி என்ற பிள்ளை வந்து, எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு நூல்பாவை செய்யவும் ஆட்டவும் பழக்கியது. கஜனி பள்ளிக்கூடம் போனால் வீட்டில் வாய் திறக்க ஆளில்லை. அதனால்தான் போனேன். பாரமில்லாத மரம் வேண்டுமென்றது அந்தப் பிள்ளை. கொட்டிலில் தொங்கிய உங்கள் ஐயா வலையில் கட்டிய பழைய மரமிதப்பு ஒன்றை எடுத்துத் தலை செதுக்கினேன். கோபிக்காதீர்கள். மூக்கு உடைந்து, மரத்தூளும் பசையும் வைத்து ஒட்டியதில் ஒரு பக்கம் வளைந்துவிட்டது. சீலைத்துண்டு, சாயம், பசை எல்லாம் முட்டை விற்ற காசில்தான். நீங்கள் அனுப்பியதைத் தொடவில்லை.

பாவையின் கால் நிலத்தில் பதிய வேண்டுமென்றால் பாதத்தில் பாரம் வேண்டும். வலையிலிருந்து ஈயம் கழற்றி வைத்தேன். இடக்காலுக்குக் கொஞ்சம் கூடிவிட்டது. ஆட்டிப் பார்த்தால், பாவை இடக்காலை இழுத்து, வலத் தோளை உயர்த்தி, அசைந்து அசைந்து வருகிறது. திருக்கை முள் ஏறிய பிறகு நீங்கள் கரையில் நடந்து வருகிற அதே நடை.  என்னோடு பழகுகிற ஜெயந்தா, "அடியே ஜசிந்தா, மனுசனைக் கனடாவிலயிருந்து இறக்கிப்போட்டியே! விசாக் காசு மிச்சம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். "அக்கா, ஈயத்தைக் கொஞ்சம் குறையுங்கோ, நேராய் நடப்பார்" என்றது பிரியவதனி. ஓம் என்றேன். குறைக்கவில்லை.

நூல்கள் மேலே ஒரு கட்டையில் வந்து சேரும். ஒரு தடிக்குக் குறுக்கே இன்னொரு தடி. பார்த்தால் சிலுவை. அதைச் சரித்தும் புரட்டியும் ஆட்ட எனக்குக் கை கூசியது. பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். "ஏன் ஜசிந்தா, தச்சன்ர வீட்டில வளர்ந்தவருக்குத் தடி புதுசோ? நல்லா ஆட்டும். பூசை நேரத்தில மட்டும் ஆட்டாதையும்" என்று சிரித்தார். ஆனாலும் எடுக்கும் போதெல்லாம் உதட்டில் வைத்து முத்தி செய்துதான் எடுக்கிறேன்.

நூல் விசயத்தில்தான் பிழை விட்டேன். பிரியவதனி கறுத்த முறுக்கு நூல் தந்தது. நான் ஆம்பிளைப் பாவைக்கு உங்கள் தூண்டில் நைலோன் நரம்பை, அந்தத் தங்கூசியைக் கட்டினேன், கண்ணுக்குத் தெரியாதென்று. முடிச்சும் நீங்கள் தூண்டிலுக்குப் போடக் காட்டித் தந்த முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுவது. "அக்கா, பாவைக்கு அவிழ்க்கிற முடிச்சு வேணும். இது மீன் பிடிக்கிற முடிச்சு" என்று தலையில் கை வைத்தது பிள்ளை. எங்கள் வீட்டில் அவிழ்கிற முடிச்சு யார் போட்டது?

பெருநாளன்று பின்னேரம் கோயில் முற்றத்தில் ஆட்டம். சின்னக் கதைதான். புயலுக்குத் தப்பிய ஒருவன் வள்ளத்தால் இறங்கி, கரையில் நிற்கிற பெண்சாதியிடம் நடந்து போகிறான். அவ்வளவுதான். அவனைக் கஜனி ஆட்டினாள், அவளை நான். பாதி வழி வந்தான். சோளகக் காற்று ஒன்று திரைக்குள் புகுந்து தங்கூசியைத் தூக்கி என் நூலில் சுற்றிவிட்டது. ஆள் அசையவில்லை. கஜனி எனக்குக் கேட்கச் சொன்னாள்: "அம்மா, அப்பா வரமாட்டனெண்டு நிக்கிறார்." தான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

முன்னால் சனம் சிரிக்கத் தொடங்கியது. பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே: "டேய் சந்தியோகு, அந்தரத்தில நிண்டு என்னடா செய்யிறாய்? வாவன்ரா!" நடையைப் பார்த்து அவரும் உங்களைக் கண்டுபிடித்துவிட்டார். திரைக்குப் பின்னால் எங்களோடு நின்ற றஜனி கத்தியை நீட்டினாள். வெட்டினால் ஆள் விழுந்துவிடுவான். முடிச்சு அவிழாது. என்ன செய்வதென்று தெரியாமல் மாதாவை நினைத்துக்கொண்டு என் பாவையின் கையைத் தூக்கினேன். தூக்க, அங்கே அவனுடைய இடக்கால் எழும்பியது. கையை இறக்க, கால் முன்னுக்கு விழுந்தது. திரும்பக் கையைத் தூக்கினேன். திரும்பவும் ஒரு அடி.

அப்படியே கை காட்டிக் காட்டி அவனைக் கூப்பிட்டேன். சிரித்த சனம் எட்டி எட்டிப் பார்த்தது. இரண்டு பாவையும் முட்டினபோது கைதட்டினார்கள். எனக்குக் கண் தெரியவில்லை. கட்டையை யார் வாங்கி வைத்தது என்றும் நினைவில்லை.

அடுத்த நாள் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை வந்தார். வள்ளத்தின் பக்கமே பார்க்கவில்லை. "அவனிட்டை இன்னொருக்காக் கேள் பிள்ளை. எனக்கு அவசரமில்லை" என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் கேட்கிறேன். வழக்கை விட்டுவிட்டு வந்தால் திரும்பப் போக ஏலாது என்பது எனக்கும் தெரியும். பயணக் காசு தந்த உங்கள் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நீங்கள் நினைப்பதும் தெரியும். எனக்குக் கனடா வேண்டாமென்று இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்: வேண்டாம். ஆனால் நீங்கள் திரும்பவும் வில் என்றால் விற்பேன். உங்கள் சொல்லை மீறமாட்டேன்.

இனிச் சட்டையைப் பிரியுங்கள். உள்ளே இருப்பது பொம்பிளைப் பாவை. ஆம்பிளையை அனுப்பவில்லை, கொட்டிலில் வள்ளத்துக்கு நேரே தொங்குகிறார். இவவின் கட்டையை இடக்கையில் பிடித்து, சிவப்புத் துணி முடிந்த நூலை மெல்ல இழுங்கள். கை தூக்குவா. வில் என்று சொல்வதற்கு முன் ஒருக்கா இழுத்துப் பாருங்கள்.

அங்கே குளிர் கூடவாம். இடக்காலுக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாய் இரண்டு கம்பளி மேஸ் போடுங்கள். அந்தக் காலை மாதா பத்திரமாய் வைத்திருக்கட்டும். அது இன்னும் பாதி வழி நடக்க வேண்டும்.

கரையில் நிற்கும்,
ஜசிந்தா