அறுபது கஜத் தடத்தை ஒரு நாளேனும் திறக்கக் கோரி

அனுப்புநர்:
ஆர்விட் டோலஃப்சன்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
மில் சாலை, ஹாரோ க்ரீக்,
பென்ராய் கவுண்டி, மொன்டானா.

பெறுநர்:
திரு. டுவைட் ஸ்ட்ரூபெல் அவர்கள்,
கண்காணிப்பாளர்,
பூங்கா மற்றும் விளையாட்டுத் திடல்கள் அலுவலகம்,
பென்ராய் கவுண்டி.

பொருள்: வில் பயிற்சித் திடல் – இருபது கஜத்துக்கு மேற்பட்ட தடங்கள் மூடப்பட்டது – எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்குமுன் அறுபது கஜத் தடத்தை ஒரு நாள் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற ஞாயிறன்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாங்கள் வாய்மொழியாகத் தெரிவித்த கருத்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் என் மனைவி லொரேனின் உடன்பிறந்த தம்பி என்பது ஊரறிந்த விஷயம். அந்த உறவைக் காட்டிச் சலுகை பெறுவது இம்மனுவின் நோக்கமன்று. ஞாயிறன்று நான் திடலைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "வீட்ல ஆபீஸ் விஷயம் வேணாம் அத்தான். எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க" என்று தாங்கள் கூறியதால் எழுதப்படுகிறது. உருளைக்கிழங்கு மசியலை இரண்டாம் முறை வாங்கிக்கொண்ட பிறகே அவ்வாறு கூறினீர்கள் என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

2. சென்ற ஆண்டு கோடையில், திடலில் அம்புகளைத் தடுக்கும் மண்மேட்டுக்குப் பின்னால் புதிதாகக் குடிவந்தவர்களின் குதிரைத் தொழுவத்தில் ஓர் அம்பு குத்தி நின்றது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பதை நானும் மறுக்கவில்லை. அவர்கள் புகார் கொடுத்தார்கள். அடுத்த வாரமே நீளத் தடங்களுக்குச் சங்கிலி போடப்பட்டது. இருபது கஜத் தடம் மட்டும் மிஞ்சியது.

3. அந்த அம்பு எப்படிப் போயிருக்கும் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம் பலத்துக்கு மீறி வில்லை முறுக்கி வைத்திருக்கும் ஆண்பிள்ளைகள், நாணை நேராக இழுக்க முடியாமல் வில்லை வானத்துக்குத் தூக்கி, அங்கிருந்து இழுத்துக்கொண்டே இறக்குவார்கள். பாதி இழுப்பில் நாணை விடுவிக்க மணிக்கட்டில் கட்டிய விசை தட்டுப்பட்டால் அம்பு மேட்டைத் தாண்டிவிடும். இதற்கும் இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருபது கஜத் தடத்தில் நின்றும் இதே முட்டாள்தனத்தைச் செய்யலாம், செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நிற்கும் கோட்டுக்கு மேலே, வில்லைத் தூக்க இடமில்லாதபடி பலகை அடித்துவிட்டால் போதும் என்றும், என் செலவில் நானே அடித்துத் தருகிறேன் என்றும் இருமுறை தெரிவித்தேன். தங்கள் அலுவலகக் குழு கூடி முடிவு செய்யும் என்று பதில் வந்தது. குழு நவம்பரில் கூடுகிறது. எல்க் மான்கள் குழுவுக்காகக் காத்திருப்பதில்லை.

4. தடம் மூடியதால் விளைந்தது என்ன என்பதை இனிக் கூறுகிறேன். படிப்பதற்குக் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இரு முனையிலும் கப்பி வைத்த லொரேனின் காம்பவுண்ட் வில்லுக்குச் சென்ற ஆண்டு ஆகஸ்டில் புது நாண் போட்டோம். புது நாண் போட்டால் எல்லாமே மயிரிழை நகரும்: கப்பிகள், அம்பு தாங்கி, குறிபார்க்கும் குறிமுள். அந்த மயிரிழை இருபது கஜத்தில் தெரியாது. பயிற்சி முனை மாட்டிய அம்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன, பார்த்தவர்கள் கைதட்டினார்கள். வேட்டைக்குப் போகும்போது மாட்டும் அகலக் கத்தி முனை காற்றைப் பிடிக்கும். வில்லில் சிறு குறை இருந்தாலும் அம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போகும். அது தெரிய நீளத் தடம் வேண்டும். அங்கே சங்கிலி தொங்கியது.

அந்தச் செப்டம்பரில், ஐம்பது கஜத்தில், வலப்பக்கம் பார்த்தபடி பக்கவாட்டில் நின்ற ஆண் எல்க்கை லொரேன் எய்தாள். இத்தனை வருடங்களாக அவள் எய்து வரும் தூரம்தான் அது. நுரையீரலுக்குப் போக வேண்டிய அம்பு பின்னால் விலகி வயிற்றில் பாய்ந்தது. மறுநாள் முழுவதும் இரத்தத் தடம் தேடி நடந்தோம். நாங்கள் என்பதில் தாங்களும் அடக்கம். கடைசிச் சொட்டைக் கண்டுபிடித்தது தாங்கள்தான். ஒரு பெர்ரிச் செடியின் இலையில், மிளகளவு. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. வயிற்றில் அம்பு பட்ட மான் உடனே சாவதில்லை என்பது நம் மூவருக்கும் தெரியும்.

அந்தச் செடியருகில் உட்கார்ந்து அவள் தங்களிடம் சொன்னாள்: "டுவைட், என் கை நடுங்கல. அது மட்டும் எனக்குத் தெரியும்." தாங்கள் "தெரியும்க்கா" என்றீர்கள். அதை நான் அலுவலகக் கருத்தாகக் கொள்ளவில்லை.

குளிர்காலத்தில் சர்ச் கூடத்துக்குள் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி எய்து பார்த்தோம். வேட்டை முனை ஒவ்வொரு முறையும் இரு விரல் அகலம் இடப்பக்கம் விலகியது. கை அசைந்துவிட்டது என்று யாரும் விட்டுவிடக்கூடிய அளவு. ஐம்பது கஜத்தில் அது நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம். சரிபார்க்காமல் எய்தது தன் குற்றம் என்று லொரேன் சொல்கிறாள். தினமும் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பவன் நான்.

5. இந்த ஆண்டு, அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பித்து வரும் வடக்கு மலைப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு குலுக்கலில் அவள் பெயருக்கு விழுந்தது. அதே மாதம் மருத்துவர் அவளது வலத் தோளைப் படம் எடுத்துப் பார்த்து, பருவம் முடிந்ததும் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார். அதன்பின் வில் இழுக்கவே கூடாதாம். ஆகவே இதுவே கடைசிப் பருவம். அறுபது கஜத்தில் நிரூபித்துக் காட்டாத வில்லால் இனி ஓர் உயிரின்மேல் தூர அம்பு எய்வதில்லை என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். அவள் பிடிவாதம் எந்தக் குடும்பத்துச் சொத்து என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

6. இந்தக் கோடை முழுவதும் செய்ய முடிந்ததைச் செய்தோம். இரண்டு கப்பிகளும் ஒரே நொடியில் சுற்றி நிற்கும்படி நாணை முறுக்கினோம். அம்பு தாங்கியை நகர்த்தி, நகர்த்தி, மறுபடி நகர்த்தினோம். சட்டத்தில் காகிதம் கட்டி, சில எட்டுத் தள்ளி நின்று எய்து, கிழிசலைப் பார்த்தோம். அம்பு நேராகப் போனால் துளை மட்டும் விழும், சாய்ந்து போனால் ஒரு பக்கம் கிழியும். எஞ்சியிருப்பது ஒரே சோதனை. குறிமுள்ளை மாற்றாமல் ஒரே புள்ளியைக் குறிவைத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அறுபது வரை பின்வாங்கி எய்ய வேண்டும். அம்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக இறங்கினால் வில் சரி. கோடு சாய்ந்தால் சரியில்லை. இதற்குச் சமதளம் வேண்டும். பள்ளத்தாக்கின் சமதளம் எல்லாம் இரண்டு பண்ணைகளுக்குச் சொந்தம். இரண்டையும் வெளியூர் வேட்டைக் குழுவினர் குத்தகைக்கு எடுத்துப் பூட்டு போட்டிருக்கிறார்கள். அரசுக் காடு முழுக்கச் சரிவு. சரிவில் நின்றால் வில்லே சாயும், எதை நம்புவது? கவுண்டியில் அளந்து வைத்த சமதளம் ஒன்றுதான் உண்டு. அதன் சாவி தங்கள் மேசையில் இருக்கிறது.

7. "அக்கா புருஷனுக்குத் தொறந்துட்டா நாளைக்கு ஊரே வாசல்ல நிக்கும் அத்தான். வேற யாராவது கேட்டிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்" என்று ஞாயிறன்று கூறினீர்கள். அதாவது, அந்நியனாக இருந்தால் நியாயம் கிடைத்திருக்கும். இருபத்தொன்பது வருட மணவாழ்வை இதற்காக ரத்து செய்ய இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மேலும் ஒன்று: தூரத்தில் பழகக் கூடாது என்று சங்கிலி போட்டால், மலையில் யாரும் தூரத்தில் எய்யாமல் இருக்கப்போவதில்லை. பழகாமல் எய்வார்கள். காயம்பட்ட மான்கள் புகார் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

8. இம்மனு பதிவாகி, முத்திரை விழுந்து, உரிய பார்வைக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிடும் என்பதை அறிவேன். லொரேனும் அறிவாள். நேற்று அவள், தூரத்துக்கு ஒன்றாக இருந்த குறிமுள்களில் இருபது கஜத்துக்கானதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிவிட்டாள். இருபது கஜத்துக்கு உள்ளே வந்தால் எய்வாள். அதற்கப்பால் எது நின்றாலும் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்க் இருபது கஜத்துக்குள் வராது. இத்தனை வருடத்தில் ஒருமுறை வந்தது. அன்று அவள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருவேளை வில் முற்றிலும் சரியாகவே இருக்கலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

9. ஆகவே, அறுபது கஜத் தடத்தை ஒரு பிற்பகல் மட்டும், தங்கள் ஊழியர் முன்னிலையில், அவளுக்கும் கேட்கும் எவருக்கும் திறந்துவிடுமாறு வேண்டுகிறேன்.

அது இயலாதெனில், இரண்டாவதாக ஒரு வேண்டுகோள். அடுத்த வாரச் சனிக்கிழமை பருவம் தொடங்குகிறது. அந்தத் தோளோடு அவளால் மூட்டை சுமக்க முடியாது. என் முழங்கால் அந்த வடக்கு மலை ஏறாது. ஒவ்வோர் ஆண்டும் அவளுடன் மலையேறியவர் தாங்கள். ஞாயிறன்று புறப்படும்போது இந்த ஆண்டு வருவதாகத் தாங்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கதவருகில் கொஞ்சநேரம் நின்றாள். இந்த வேண்டுகோளுக்குக் குழு கூட வேண்டியதில்லை, ஊராரும் கேட்டு வரமாட்டார்கள். அவள் எய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இடம்: ஹாரோ க்ரீக்
நாள்: ஆகஸ்டு 27, 2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆர்விட் டோலஃப்சன்

இணைப்பு: லொரேன் எய்த காகிதம் ஒன்று. நடுவில் ஒரே வட்டத் துளை, சுற்றிலும் மூன்று இறகின் கீறல். எந்தப் பக்கமும் கிழிசல் இல்லை.