அன்று பாடியவர்கள் இரண்டு பேர்

தி. நகர், சென்னை-17
திங்கட்கிழமை காலை

அன்புள்ள மஹதிக்கு,

ஜெயபாரதி எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணமும் நானேதான்.

கூரியரில் கடிதம் என்றதும் பயந்திருப்பாய். பழைய எண்ணையும் மின்னஞ்சலையும் மூடச் சொன்னவள் நான். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதே என்றவளும் நான். உன் புது எண்ணை உன் அம்மாவிடம் வாங்கி, சனிக்கிழமையிலிருந்து ஒன்பது முறை அடித்துவிட்டேன். நல்ல மாணவி நீ, எடுக்கவே இல்லை. இதை உன் போனுக்குச் செய்தியாக அனுப்ப எனக்குத் துணிவில்லை. அதனால்தான் உன் புனே ஹாஸ்டலுக்கு இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டு என்னைத் திட்டு.

ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் நான் கட்டிய 'தாழ்ப்பாள்' இணையதளத்தை ஒரு வருடமாக யாரும் சீந்தவில்லை. கடவுச்சொல், போலி லிங்க், போன் பாதுகாப்பு என்று அறுபது கட்டுரை போட்டேன். பாத்திரக் கடைக்காரன் மகள் ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறாள் என்று அப்பாவே கேலி செய்தார். உன் கதையைப் போட்ட பிறகுதான் கூட்டம் வந்தது. வினையும் கூடவே வந்தது.

யாருக்கும் அடையாளம் தெரியாது என்றால் போடு என்று சொல்லித்தான் நீ சம்மதித்தாய். உன் பெயரை மாற்றினேன். உன் ஊர் மயிலாப்பூர் என்பதை எடுத்தேன். ஸ்ரீஹரியை 'ஒரு நண்பன்' ஆக்கினேன். அவன் அனுப்பிய மிரட்டல்களில் தேதியைக்கூட அழித்தேன். ஆனால் சரஸ்வதி பூஜையன்று கொலுவில் நீ பாடுவதைப் பதிவு செய்து தருகிறேன் என்று பூட்டுத் திறந்த உன் போனை வாங்கினான், அந்தப் பாட்டு முடிவதற்குள் உன் வாட்ஸ்அப்பைத் தன் பையிலிருந்த மடிக்கணினியில் இணைத்துக்கொண்டான், உன் படங்களை அப்படித்தான் எடுத்தான் என்பதைச் சொல்லாவிட்டால் அந்தக் கட்டுரையில் பாடமே இல்லை. அதனால் கொலுவை விட்டுவைத்தேன். படிப்பவர்களுக்குக் காட்சி கண்ணில் தெரியட்டும் என்று, கொலுப்படிக்கு முன்னால் கேழ்வரகு முளைவிட்ட குட்டிப் பூங்காவையும் அதன் நடுவில் நின்ற பொம்மை ராக்கெட்டையும் வேறு எழுதினேன்.

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமில்லை. எனக்கு எல்லாக் கொலுவும் ஒன்றுதான், படி, பொம்மை, சுண்டல். உங்கள் பக்கத்து மாமிகளுக்கு ஒவ்வொரு கொலுவும் ஒரு விலாசம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ராக்கெட் என்றதுமே ராஜா அண்ணாமலைபுரம் ஜெயஸ்ரீ மாமி வீடு என்று சொல்லிவிட்டார்கள். சரஸ்வதி பூஜையன்று அங்கே பாடிய கல்யாணமாகாத பெண்கள் யார் யார் என்று எண்ணியும் பார்த்துவிட்டார்கள். இரண்டே பேர். நீயும் நம் அனுப்ரியாவும்.

சனிக்கிழமை உன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். கட்டுரையைப் படம் எடுத்துப் போனில் வைத்திருந்தார். அந்தப் பெண் யார் என்று கேட்டார். சொல்லக் கூடாது மாமி, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரொம்ப நிம்மதியாகச் சொன்னார்: "எங்காத்து மஹதி எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டா. அப்போ அது அனுப்ரியாதான்."

நான் வாயடைத்து நின்றேன். இல்லை என்று சொன்னால் மிச்சம் நீதான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மௌனத்தையே அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். உன் அம்மா கெட்டவர் இல்லை மஹதி. யாரோ ஒருவரிடம் வருத்தப்பட்டுச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது அந்த மாமிகளுடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நான் கட்டுரையை எடுத்துவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், படம் எடுத்தவர்கள் போனிலெல்லாம் அது இருக்கிறது.

அனுப்ரியாவுக்கு இந்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பையனுடைய அத்தை அதே குழுவில் இருக்கிறார். வருவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்று நேற்றுக் காலை அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்ததாம். மத்தியானம் அனுப்ரியா என்னைத் தேடி வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "அது நான் இல்லன்னு ஒரு வரி போடு ஜெயா. போறும்" என்றாள். அப்படியானால் வேறு யார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் உன் பெயரை யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள். நாமாக இருந்தால் இருப்போமா?

எனக்கு ஆத்திரமாக வருகிறது, முக்கால்வாசி என் மேல்தான். ஊருக்குத் தாழ்ப்பாள் போடக் கற்றுக்கொடுக்க வந்தவள் உன் வீட்டு வாசலைத் திறந்து வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். இனி யாருடைய கதையையும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் காட்டாமல் போடமாட்டேன்.

ஆனால் அனுப்ரியாவை இப்படி விட முடியாது. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஒரு வரியைத் தளத்தில் போடப் போகிறேன். உன் பெயரை எழுத மாட்டேன், யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டில் ஒன்று போனால் என்ன மிச்சம் என்று உன் அம்மாவுக்குக் கணக்குத் தெரியும். கூரியர்காரர் புதன்கிழமை இது உன் கைக்கு வந்துவிடும் என்கிறார். உனக்கு ஒரு நாள் இருக்கிறது. அந்த வரியைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது மஹதி. நீ சொல்லித் தெரியட்டும்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நம்பினவன் கையில் போனைக் கொடுத்தாய், நானும் தினம் கொடுக்கிறேன். தப்பு செய்தவன் மேல் புகார் கொடுத்தாயிற்று, அவன் ஸ்டேஷனுக்கு அலைகிறான். தலை குனிய வேண்டியவன் அவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை கிளம்பும்போது உன் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பாவம், இத்தனை நாள் தனியாத் தவிச்சிருக்காளே. அம்மாகிட்டச் சொல்லணும்னு ஏன் அவளுக்குத் தோணலை? அந்த அம்மா என்ன பண்ணினாளோ" என்றார். 

அவருக்குப் போன் செய், மஹதி.

உன்,
ஜெயபாரதி