அன்டெட்லினெஸ் என்றொரு பழஞ்சொல்

இன்று காலை லண்டன் ஈஸ்ட் ஹாமில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். வந்த பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு பேய்ப்பட விளம்பரம். பல்லைக் காட்டி எழுந்து நடக்கும் பிணங்களுக்குக் கீழே ‘அன்டெட்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. நீ பார்த்திருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது.

அந்தச் சொல்லின் பழைய உறவு ஒன்றை நீ நூலகத்தில் கண்டெடுத்தாய். உன் கணவர் இறந்த மாரிகாலம் அது. வீட்டில் தனியே இருக்க முடியாமல் அங்கே போய்ப் பழைய அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பாய். வேலை முடிந்து உன்னைக் கூட்டிப்போக வந்த என்னிடம், “அன்டெட்லினெஸ் எண்டால் என்னெண்டு சொல்லு பாப்பம்” என்றாய்.

“பிசாசுக் குணமோ?” என்றேன். அவர் போனபின் அன்றுதான் சிரித்தாய்.

“இல்லையடி. ஒரு காலத்திலை டெட்லி எண்டால் கொல்லுறது மட்டுமில்லை, சாகக்கூடியது எண்டும் கருத்து. அப்ப அன்டெட்லினெஸ் எண்டால் சாவாமை. இங்கத்தைச் சனத்தின்ரை சொந்தச் சொல்லு. பிறகு லத்தீனிலையிருந்து இம்மோர்ட்டாலிட்டி வந்து அதைத் தள்ளிப்போட்டுது. எங்கட சாவாமையை அமரத்துவம் தள்ளினமாதிரி.”

மிஞ்சிய ‘அன்டெட்’டைப் பேய்க்கதைக்காரர் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி அகராதியை மூடினாய்.

கணவரின் கல்லறையில் அந்தச் சொல்லைப் பொறிக்க விரும்பினாய். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றாய். உன் மகன் தலையில் கை வைத்தான்.

“அம்மா, அப்பாவை ஸோம்பி எண்டு நினைப்பினம்.”

நீ கல் வெட்டுபவரிடம் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாய். திரும்பும் வழியில், “அவன் வந்து நிண்டு அழுற இடம். அங்கை கூச்சப்பட்டு நிக்கக்கூடாது” என்றாய்.

போன வருடம் உன்னையும் அவருக்குப் பக்கத்தில் வைத்தோம். சில வாரங்கள் கழித்து மகன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அன்ரி, அம்மா சொன்ன அந்தச் சொல்லை எப்பிடி எழுதுறது?”

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தான். பிறகு, “இப்ப பாக்க ஸோம்பி மாதிரித் தெரியேல்லை” என்றான். உங்கள் இருவர் பெயருக்கும் கீழே அது இப்போது இருக்கிறது.

கல்லறைக்கு நான் அதிகம் போவதில்லை. முழங்கால் விடுவதில்லை. ஆனால் தேவாலயப் பூசையில் எல்லோரும் ‘நித்திய வாழ்வு’ என்னுமிடத்தில் என் வாய் ஒரு கணம் பிந்தும். உன் சொல்லை மெல்லச் சொல்லிவிட்டுத்தான் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.