குதிரை தின்ற முதல் கடிதம்

அன்புள்ள தென்றலுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ரிச்சர்ட்சன் ஊர்ப் பக்கம் ஒரு திடலில், அந்தக் காலத்தில் இந்த நாட்டின் மேற்கே போய்க் குடியேறியவர்களின் கதையைக் குதிரைமேல் நடித்துக்காட்டும் நாடகக் குழு வந்திருக்கிறது. பார்க்க வந்தவர்கள் எழுதும் கடிதங்களைத் தபால்காரி வேடம் போட்ட பெண் குதிரையில் வந்து வாங்கிக்கொள்கிறாள். மறுநாள் நிஜமாகவே தபாலில் சேர்த்துவிடுகிறார்கள்.

நான் உனக்கு எழுதி நீட்டிய முதல் கடிதத்தைக் குதிரை தின்றுவிட்டது; இது இரண்டாவது. பயப்படாதே, விரல்கள் பத்திரம். அதில் புலம்பல்தான் அதிகம், போகட்டும்.

"யாருக்கு?" என்றாள் அவள்.

"மனைவிக்கு. கோபிசெட்டிபாளையம், இந்தியா."

"அவ்வளவு தூரமா? அதான் கிளம்புறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுக்கிச்சு!"

இது வருவதற்குள் உன் இரண்டாவது விசா நேர்காணல் முடிந்திருக்கும். நான் இப்போதே குக்கரில் இரண்டு பேருக்கு அரிசி வைத்துப் பழகுகிறேன்.

குதிரை திரும்பி வருகிறது. விசா கிடைத்திருந்தால் பதில் எழுதாதே. பருப்புப்பொடியோடு நீயே வந்துவிடு.

கதிர்