இடது கைக்கு ஒரு வெள்ளிக் காப்பு

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளிப் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை வகுப்பு. படிவத்தில் "முன் அனுபவம்" என்ற இடத்தில் "நிறைய" என்று எழுதினேன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். இந்த நகரத்தில் மேலே போனவர்களில் பாதிப் பேர் என் கையால் போனவர்கள். உலோகம் உலோகம்தானே.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் யாராவது என் வாழ்க்கையை ஆராய்ந்தால் உதவும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா மகள் குருவிக்கு (இது நான் வைத்த பெயர், எடையைப் பார்த்து வைத்தது) மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுக் காதோரம் சரிபார்க்க வேண்டும். ஏப்ரல் ஏழில் சேரவேண்டும். சீருடை அரைக்கை. அங்கேதான் சிக்கல். இடது மணிக்கட்டில் அவளுக்குக் கட்டைவிரல் நீளத்துக்குத் தழும்பு. முழுக்கைச் சட்டை போடலாமா என்று கேட்டாளாம், முடியாது என்றுவிட்டார்கள்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? மாமா ஒரு வெள்ளிக் காப்பு செஞ்சு தர்றேன். அகலமா, தழும்பே தெரியாத மாதிரி. என் கையாலயே."

"நீ எப்படா வெள்ளி வேலை பாத்தே?" என்றாள் அக்கா.

"உனக்கு என்ன தெரியும்? நான் செஞ்ச மோதிரம் வெளிநாடு வரைக்கும் போயிருக்கு."

போனது உண்மை. ஆனால் மோதிரம் அல்ல. அது வெளிநாட்டு லிஃப்ட் கம்பெனிக்கு நான் மாதிரிக்கு அனுப்பிய வாஷர். மறு தபாலில் திரும்பி வந்தது.

மார்ச் 6, வியாழன்

பட்டறைக்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையெல்லாம் சுட்ட வடு. யாருக்குக் காப்பு என்று கேட்டாள். சொன்னேன்.

பதினாலு வருடத்துக்கு முன்னால், பாலத்துச் சரிவு. சைக்கிளில் நான், பின்னால் எட்டு வயதுக் குருவி. எதிரே பிரேக் பிடிக்காத லாரி. ஹேண்டிலை ஒரே ஒடியாக ஒடித்தேன், நாங்கள் ஓரமாக விழுந்தோம், லாரி உரசிக்கொண்டு போயிற்று. மணிக்கட்டோடு போனது, இல்லையென்றால் பிள்ளையே இல்லை. இன்று சொல்லும்போது லாரியில் சிமெண்ட் மூட்டையும் ஏறியிருந்தது. பின்னாலேயே இன்னொரு லாரியும் வந்தது.

கடைசிவரை கேட்டுவிட்டு, "அண்ணே, பாதுகாப்புக் கண்ணாடி நெத்தியில இருக்கு. கண்ணுல போடுங்க" என்றாள்.

ரசனை போதாது.

மார்ச் 9, ஞாயிறு

அளவு எடுக்கப் போனேன். காகிதத்தை நாடாவாக வெட்டி மணிக்கட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். எனக்குக் கண் பார்வையே போதும், இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. குருவி வலது கையை நீட்டினாள்.

"அந்தக் கையைக் குடு."

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா."

இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு உடம்பில் இரண்டு மணிக்கட்டு இரண்டு அளவிலா இருக்கும்?

அக்கா எனக்கு முதல் தட்டு போட்டாள். எப்போதும் எனக்குத்தான் முதல் தட்டு.

மார்ச் 11, செவ்வாய்

தகடு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்குமாம், கையில் உருவம் நிற்காதாம், அதற்காகத்தான் செம்பு. இதைக் கேட்டதும் மனதுக்கு நிறைவாக இருந்தது. நான் சொல்வதிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். தொண்ணூற்றிரண்டரை உண்மை, மீதி நிற்பதற்காகச் சேர்ப்பது.

ரம்பம் நூல் மாதிரி இருக்கிறது. ஏழு இழை உடைந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் மூன்று என்றேன்.

மார்ச் 13, வியாழன்

நாலு பக்கமும் அரம் போட்டேன். முனைகளை உருட்டினேன். விரல் நகமும் அரைவட்டமாகிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

இன்று நெருப்பு. அடித்த வெள்ளி இறுகிவிடும், சூடு காட்டினால் இளகும். எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ளத் தகட்டில் பேனாவால் ஒரு கோடு போடுகிறார்கள். கோடு மறைந்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். என் கோடு ஒழுங்காக மறைந்தது. அந்த அம்மாவே "ம்" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பரிசு.

பிறகு தகட்டைத் தண்ணீரில் ஆற்றி, கறுப்பு போக அமிலத்தில் போட்டு எடுக்க வேண்டும். செம்பு இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், இரும்பு கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. இரும்பு இடுக்கி கைக்கு வாகாக இருந்தது. அதையே உள்ளே விட்டேன். வெள்ளி முழுக்கச் சிவந்துபோய் வெளியே வந்தது.

"இரும்பை உள்ள விட்டா செம்பு வந்து ஒட்டும்னு சொன்னேன்ல அண்ணே?"

"சொன்னே. ஒட்டுதான்னு பாத்தேன்."

வெள்ளியைத் தங்கமாக்கப் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். நான் பாதி தூரம் போய்விட்டேன். மீதி நேரம் பூராவும் அதைத் தேய்த்து எடுப்பதிலேயே போயிற்று.

மார்ச் 20, வியாழன்

சுத்தியால் தகடு முழுக்கச் சின்னச் சின்னக் குழி போட்டேன், மழை விழுந்த மணல் மாதிரி. அடித்துக்கொண்டே பக்கத்து மேசைக்காரருக்கு லாரிக் கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்பவர். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த டிரைவர் என்ன ஆனான்? பிடிச்சாங்களா?"

பதினாலு வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. ஓடிவிட்டான் என்றேன். லாரியோடா என்றார். லாரியோடுதான் என்றேன். அதற்கப்புறம் அடித்த குழிகளெல்லாம் கோணல்.

மார்ச் 21, வெள்ளி

லாரி எதுவும் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

எழுதிவிட்ட பிறகு பாதியில் நிறுத்துவானேன்.

பாலத்துச் சரிவில் சைக்கிள் தானாகவே ஓடியது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. "குருவி, இங்க பாரு, மாமா ரெண்டு கையையும் விட்டு ஓட்டுறேன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று கையை விரித்தேன். முன்சக்கரம் ஆடியது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். "என்னடா ஆச்சு?" வாயில் முதலில் வந்தது லாரி. நான் யோசிக்கவே இல்லை, அதுவாக வந்தது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். — அந்த நேரம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். எப்படிச் சொல்ல, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா!

அதற்கடுத்த வாரத்திலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. தனிக்கட்டைக்கு அது சின்ன விஷயம் இல்லை. இன்றும் போனேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

காப்பு முடிந்தது. இரும்பு உருளையில் வைத்து மரச்சுத்தியால் வளைத்தேன். காப்பின் திறந்த வாய் இரண்டு விரல் அகலம். பக்கவாட்டில் நுழைத்துத் திருப்பிப் போட வேண்டும். சும்மா சும்மா இழுத்து விரித்தால் ஒரு நாள் விரிசல் விட்டுவிடும் என்றாள் பட்டறைக்காரம்மா. மெருகு போட்டதும் என் முகம் தெரிந்தது, குழிக்கு ஒன்றாக நாற்பது ஐம்பது முகம்.

நன்றாக வந்திருக்கிறது. இப்படிச் சொல்வதில் செம்பு கலக்கவில்லை, அந்த அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

மார்ச் 30, ஞாயிறு

இடது கையில் ஏறவில்லை.

அன்று உடைந்த எலும்பு கூடியபோது தடித்துக் கூடியிருக்கிறது. பக்கவாட்டில் நுழைத்தால் தழும்பின் மேட்டில் வந்து இடிக்கிறது. இழுக்கப் போனாள், வேண்டாம் என்றேன். பழியைப் போட யாராவது அகப்படுவார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"அளவு வலது கையில எடுத்தேன்."

"நான்தானே அதை நீட்டினேன்."

"கேட்டு வாங்கியிருக்கணும்."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல்: "சரியா இருக்கா? இல்லாம எங்க போகும்! உசுரைக் காப்பாத்துன கையாச்சே!"

குருவி காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக, "குருவி, அந்த லாரி..." என்றேன்.

"தெரியும் மாமா. நான்தானே பின்னாடி உக்காந்திருந்தேன்."

காப்பை வாங்கிச் சட்டை நுனியால் துடைத்தேன்.

"ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"எட்டு வயசுல, லாரிகிட்ட தப்பிச்ச பொண்ணுன்னு ஸ்கூலே திரண்டு வந்து பாத்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல நேரமே வரல."

"இப்ப அதை மூடணும்னு..."

"தழும்பு எனக்கு ஒண்ணுமில்ல மாமா. பாக்குறவங்க என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தா இருபது தடவை நான் லாரி ஓட்டணும். அதுக்கு மூடிக்கிறதே மேல்."

"லாரி இல்லன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"தெருவுல பாதிப் பேர் அந்தக் கடைக்குத்தான் வர்றாங்க. அம்மா காதுக்குப் போகாதா? அப்புறம் ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போய்ச் சாப்பிடுவீங்க?"

அக்கா தட்டோடு வந்தாள். எனக்குத்தான் முதலில்.

ஏப்ரல் 3, வியாழன்

பட்டறைக்குப் போகவில்லை. தகடு மிச்சம் இருக்கிறது, இடது கைக்கு இன்னொன்று செய்யலாம். அளவுகூடத் தெரியும் இப்போது. செய்தால் இருபது லாரி மிச்சம். எல்லாரும் சௌகரியமாக இருக்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாளை அவளுக்கு வேலையில் முதல் நாள். பேருந்தில் போகும்போது ஐந்து விதமாகத் தயார் செய்தேன். ஒன்றில் குறுக்கே நாய்க்குட்டி வந்தது. ஒன்றில் சாலையில் எண்ணெய் கொட்டியிருந்தது. ஒன்றில் ஒரு கையை மட்டும் விட்டேன்.

அக்கா காய் அரிந்துகொண்டிருந்தாள். லாரி வரவில்லை, கையை விட்டு ஓட்டிக் காட்டினேன் என்றேன். கத்தி நின்றது.

"ஒரு கையா, ரெண்டு கையுமா?"

"ரெண்டும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"பதினாலு வருஷமா உனக்கு முதல் தட்டு போட்டேன்டா. அவ அப்பாவுக்குக்கூட ரெண்டாவதுதான்."

"ஆமாக்கா."

"எந்திரிச்சுப் போ."

போனேன். குருவி வாசல் வரை வந்தாள். என் சட்டைக் காலர் மடிந்திருந்ததை எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டிலேயே சமைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

குருவியின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சும்மா இல்லை. எழுதும்போது எழுத்து கொஞ்ச நாளாகவே இரண்டாகத் தெரிகிறது. (கண் நூற்றுக்கு நூறு என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.) முறைப்படி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியம்மா. குருவி அவருக்குக் கண்ணாடியை மாட்டிக் காதோரம் அழுத்திவிட்டாள். அரைக்கை. இடது கை வெறுமனே இருந்தது. காப்பு வலது கையில்.

பெரியம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வேலை செய்தது. முதலில் பார்த்ததே அதைத்தான்.

"என்னம்மா இது, கையில இவ்வளவு பெரிய தழும்பு?"

"எங்க மாமா சைக்கிளை ரெண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டினாரும்மா."

"எவன்டி அவன், புத்தி கெட்டவன்?"

குருவி என்னைக் காட்டினாள். "இவர்தான்."

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். புதுக் கண்ணாடி வேறு. பிறகு அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். "இது நல்லாருக்கே. யார் செஞ்சது?"

"அதுவும் இவர்தான்."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை.

என் கண்ணாடி புதன்கிழமை தயாராகிவிடும். அக்கா இன்னும் பேசவில்லை.